மகிஷாசுரனின் சாம்பல் முகம்

"சித்தி, நான் செத்துப்போனவ மாதிரி இருக்கேன்!"

மூடிய கதவுக்குப் பின்னாலிருந்து இந்தக் குரல் வந்தபோது, மைசூருவில் என் அக்கா வீட்டுச் சமையலறையில் சுண்டலுக்குத் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். நவராத்திரி நேரம். கூடத்தில் கொலு. அன்று சாயங்காலம் குடியிருப்புப் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போடும் நாடகத்துக்கு ஒத்திகை. கதை வேறென்ன, சாமுண்டீஸ்வரி மகிஷாசுரனை வதம் செய்த கதைதான். மைசூரு என்ற பேரே மகிஷனிடமிருந்து வந்தது என்பார்கள்.

அக்கா மகளுக்குப் பன்னிரண்டு வயது. சாமுண்டி வேஷத்துக்கு நாலைந்து பேர் அடித்துக்கொள்ள, இவள் மட்டும் மகிஷாசுரன்தான் வேண்டும் என்று கேட்டு வாங்கிக்கொண்டாள். "சாமுண்டி சும்மா சூலத்தோட நிக்கணும் சித்தி. மகிஷனுக்குத்தான் சிரிக்கிற சீன், உருள்ற சீன், சாகிற சீன் எல்லாம்." நியாயம்தான். சாமுண்டி மலை மேல் ஒரு கையில் வாளும் மறு கையில் நாகப்பாம்புமாக நிற்கிறாரே மீசைக்கார மகிஷன், அந்தச் சிலை மாதிரியே தன் முகமும் இருக்க வேண்டும் என்பது அவள் திட்டம். அதற்காக ஒரு ஃபவுண்டேஷன் டியூபும், பன்னிரண்டு சதுரங்கள் கொண்ட ஐ ஷேடோ பெட்டி ஒன்றும் வாங்கியாகிவிட்டது. வாழ்க்கையில் முதல் முறையாக இரண்டையும் பூசிப் பார்க்கும் நாள் அது.

கதவு திறந்தது. கழுத்து நல்ல காபிக்கொட்டை நிறம். அதற்கு மேலே, ஆயுத பூஜைக்கு உடைக்க வைத்திருக்கும் பூசணிக்காய் மாதிரி சாம்பல் பூத்த ஒரு முகம். நான் சிரித்திருக்கக் கூடாது. சிரித்துவிட்டேன்.

அவள் சிரிக்கவில்லை. "நான் கறுப்பா இருக்கேன்ல. அதான் எனக்கு இதெல்லாம் ஒத்துக்கல" என்றாள்.

தேங்காய்த் துருவியை வைத்துவிட்டேன். அவள் சொன்னதில் ஒரு தப்பு இருந்தது. மனசு நோகும் தப்பு என்பது ஒருபுறம் இருக்கட்டும், இயற்பியல் தப்பு.

"கையை நீட்டு" என்று சொல்லி, பூஜை அலமாரியிலிருந்து திருநீற்றுச் சம்புடத்தை எடுத்து வந்தேன். அவள் முன்கையில் மூன்று பட்டை போட்டேன். முதல் பட்டை வெறும் திருநீறு. இரண்டாவது தண்ணீரில் குழைத்தது. மூன்றாவது தேங்காய் எண்ணெயில் குழைத்தது. நீங்களும் வீட்டில் செய்து பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

வெறும் திருநீறு உடனே வெள்ளையாகத் தெரியும். தண்ணீரில் குழைத்தது முதலில் சேற்றுத் தண்ணீர் மாதிரி இருக்கும். பூசினோமா இல்லையா என்றே சந்தேகம் வரும். விசிறியால் வீசுங்கள். ஈரம் காயக் காய ஓரத்திலிருந்து வெள்ளை எழும்பி வரும். எண்ணெயில் குழைத்தது? ராத்திரி வரை காத்திருந்தாலும் வெளுக்காது. மூன்றிலும் ஒரே சம்புடத்துத் திருநீறுதான். பிறகு ஏன் இப்படி?

ஒளி, ஒரு பொருளை விட்டு இன்னொரு பொருளுக்குள் நுழையும்போது வேகம் மாறும். மாறும் இடத்தில் கொஞ்சம் ஒளி உள்ளே போகும், கொஞ்சம் திரும்பித் தெறிக்கும். இரண்டு பொருளுக்கும் இடையே வேக வித்தியாசம் எவ்வளவு அதிகமோ, அவ்வளவு தெறிப்பு அதிகம். இந்த வேகக் கணக்கைத்தான் பாடப் புத்தகம் ஒளிவிலகல் எண் என்கிறது. காற்றுக்கு 1. தண்ணீருக்கு 1.33. தேங்காய் எண்ணெய்க்குச் சுமார் 1.45. சாம்பல் துகளுக்கு ஒன்றரையை ஒட்டி இருக்கும். காற்றுக்கும் சாம்பலுக்கும் நல்ல வித்தியாசம். ஒளி ஒவ்வொரு துகளிலும் மோதி எல்லாத் திசையிலும் சிதறுகிறது, கண்ணுக்கு வெள்ளை. எண்ணெய்க்கும் சாம்பலுக்கும் வித்தியாசம் சொற்பம். ஒளிக்கு அங்கே துகள் இருப்பதே சரியாகத் தெரியவில்லை. நேராகக் கடந்து தோலுக்குப் போய்விடுகிறது. சர்க்கரைப் படிகம் ஒவ்வொன்றும் கண்ணாடி போல் இருக்க, பொடித்த சர்க்கரை பால் போல் இருப்பதும் இதே காரணத்தால்தான்.

ஃபவுண்டேஷன் என்பது பெரும்பாலும் எண்ணெயும் தண்ணீரும் கலந்த ஒரு குழம்பு. அதில் திருநீற்றைப் போட்டால் ஒன்றும் தெரியாது என்று இப்போது நமக்குத் தெரியும். அப்படியானால் எண்ணெய்க்குள் கிடந்தாலும் வெளுப்பாகவே தெரியும் ஒரு பொடி வேண்டும். அதுதான் டைட்டானியம் டை ஆக்சைடு. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 2.7. வைரத்துக்கே 2.4தான். சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்ட்டில் இருப்பதும் இதுதான். பற்பசையிலும் இருக்கும்.

இந்தப் பொடி எங்கிருந்து வருகிறது தெரியுமா? கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரைக்குப் போனால் மணல் கறுப்பாக வரி வரியாகக் கிடக்கும். அந்தக் கறுப்பு, இல்மனைட் என்னும் தாது. மத்திய அரசின் ஐ.ஆர்.இ.எல். நிறுவனம் அங்கே மணலைப் பிரித்தெடுக்கிறது. கேரளத்தில் கொல்லத்துக்குப் பக்கம் சவறையிலும் இதே கதை. இல்மனைட்டில் டைட்டானியமும் இரும்பும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இரும்பை விரட்டிவிட்டால் கரிய மணல் பனி போன்ற வெள்ளைப் பொடியாகிவிடும். வேடிக்கை என்னவென்றால், அவ்வளவு பாடுபட்டு இரும்பை விரட்டிய பிறகு, ஃபவுண்டேஷன் செய்கிறவர் என்ன செய்கிறார்? இரும்புத் துருவைத் தேடிப்பிடித்துத் திரும்பவும் அதில் சேர்க்கிறார்.

ஆமாம், துருதான். இரும்பு ஆக்சைடு. அதில் சிவப்பு உண்டு, மஞ்சள் உண்டு, கறுப்பு உண்டு. கோவில் மதிலில் அடிக்கும் காவியும், செம்மண் கோலமும், விழுப்புரம் பக்கம் கீழ்வாலையில் ஆதிமனிதர்கள் பாறையில் தீட்டிய சிவப்பு ஓவியமும் இந்தக் குடும்பம்தான். முகத்துக்கு வருவதைப் பெரும்பாலும் ஆலையில் சுத்தமாகத் தயாரிக்கிறார்கள், மண்ணில் கிடைப்பதில் ஈயமும் ஆர்சனிக்கும் கலந்திருக்கலாம் என்பதால். ஒரு வெள்ளை, மூன்று துரு. இந்த நான்கையும் வேறு வேறு அளவில் கலந்தால் உலகத்து மனிதர்கள் எல்லாருடைய தோல் நிறமும் வந்துவிடும்.

"அப்போ எனக்கு மட்டும் ஏன் வரல?"

அதற்கு முதலில் அவள் நிறம் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டியிருந்தது. தோலின் மேலடுக்கின் அடியில் மெலனோசைட் என்னும் செல்கள் உட்கார்ந்திருக்கின்றன. மெலனின் என்னும் பழுப்பு நிறமியைச் செய்து பக்கத்துச் செல்களுக்கு அனுப்புவது அவற்றின் வேலை. அந்தச் செல்கள் மெலனினை எங்கே வைத்துக்கொள்கின்றன என்பதுதான் அழகு: தங்கள் உட்கருவுக்கு மேலே, குடை பிடித்த மாதிரி. உட்கருவில் டி.என்.ஏ. இருக்கிறது; வெயிலின் புற ஊதாக் கதிர் அதைக் கெடுத்துவிடாமல் இருக்கத்தான் குடை. நார்வேக்காரருக்கும் நமக்கும் மெலனோசைட்டுகளின் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். நம்முடையவை சுறுசுறுப்பு அதிகம், நிறையக் குடை செய்கின்றன, அவ்வளவே. அந்தப் பழுப்புக்குக் கீழே ரத்தத்தின் சிவப்பும் கொஞ்சம் மஞ்சளும் கலந்து வெளியே தெரிகின்றன. நம்மைக் கறுப்பு என்கிறார்களே, சும்மா ஒரு பேச்சுக்குத்தான். கண்ணாடி முன் நின்று பாருங்கள்; தாமிரம், தேன், செங்கல் என்று என்னென்னவோ நிறம் தெரியும்.

அவள் வாங்கிய டியூபில் வெள்ளை தூக்கல், துரு குறைச்சல். சிவந்த மேனிக்காரர் ஒருவரை மனதில் வைத்துக் கலந்தது. அதைப் பழுப்புத் தோலில் மெல்லப் பூசினால் வெறும் வெளுப்பு வராது, நீலம் பாய்ந்த சாம்பல்தான் வரும். ஏன் நீலம்? இதற்கு விடை மைசூருவிலேயே மூலைக்கு மூலை புகைந்துகொண்டிருக்கிறது. ஊதுபத்திக்குப் புவிசார் குறியீடு வாங்கிய ஊர் அல்லவா! ஓர் ஊதுபத்தியை ஏற்றி, இருண்ட கதவுக்கு முன்னால் அதன் புகையைப் பாருங்கள். இளநீலமாகத் தெரியும். அதே புகையை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பார்த்தால் பழுப்பாக இருக்கும். நுண்ணிய துகள்கள் நீல ஒளியை அதிகமாகச் சிதறடிக்கும். சிவப்பும் மஞ்சளும் ஊடுருவிப் போய்விடும். முகப்பூச்சில் இருக்கும் டைட்டானியத் துகள் ஒன்றின் பருமன், ஒரு மில்லிமீட்டரை நாலாயிரம் கூறு போட்டால் வரும் ஒரு கூறு. அது நீலத்தை நம் கண்ணுக்குத் திருப்பி அனுப்புகிறது. உள்ளே போன சிவப்பையும் மஞ்சளையும் மெலனின் விழுங்கிவிடுகிறது. மிஞ்சுவது புகை. அவள் முகத்தில் புகைதான் படிந்திருந்தது.

"அப்போ தப்பு டியூப் மேலயா?"

"டியூப் மேலயும் இல்ல. அதை உனக்குன்னு எடுத்துக் குடுத்தவங்க மேல" என்றேன். அக்கா அடுக்களைப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

கடைகளில் நாலைந்து நிறங்களுக்கு மேல் கிடைக்காத காலம் ஒன்று இருந்தது, அது அப்படியொன்றும் பழைய காலம் இல்லை. 2017இல் ரிஹானா என்ற பாடகி ஒரே நேரத்தில் நாற்பது நிறங்களில் ஃபவுண்டேஷன் கொண்டுவந்தபோது அது உலகச் செய்தியாயிற்று. துருவை இன்னும் கொஞ்சம் அதிகம் போட்டால் முடிகிற வேலைக்கு அத்தனை வருஷம் ஏன் ஆயிற்று என்று கேட்டால், இயற்பியலில் பதில் கிடையாது.

நேரம் இருந்தது. வேறு டியூப் வாங்கக் கிளம்பினோம்.

தேவராஜா மார்க்கெட்டுக்குள் நுழைந்தால் ஃபேன்ஸி ஸ்டோருக்குப் போய்ச் சேர அரை மணி ஆகும். நடுவில் குங்குமக் கடைகள் இருக்கின்றன. தட்டுத் தட்டாக, கோபுரம் கோபுரமாகக் குவித்த வண்ணப் பொடி. சிவப்பு, ஊதா, கிளிப்பச்சை, ராமர் நீலம். வெளிநாட்டுக்காரர்கள் படம் எடுத்துத் தள்ளும் இடம். இவளுக்குக் கண் மின்னியது. "சித்தி, இதையே கண்ணுக்கு மேல பூசிக்கலாமே, பத்து ரூபாய்க்கு!"

கடைக்காரப் பெரியவருக்குத் தமிழ் புரியும் போலிருக்கிறது. "இது முகக்கெ அல்லம்மா, ரங்கோலிகெ" என்றார், ஊதாவைக் காட்டி. முகத்துக்கு இல்லை, கோலத்துக்கு.

அவர் சொன்னது ரொம்ப முக்கியம். நிறம் என்றால் எல்லாம் ஒன்றல்ல. குங்குமத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய முறைக் குங்குமம் மஞ்சளும் காரமும் சேர்ந்து பிறப்பது. மஞ்சளில் குர்குமின் என்றொரு பொருள் இருக்கிறது. காரத்தோடு சேர்ந்தால் அது சிவக்கும். ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் சுண்ணாம்பைப் போட்டதும் சிவப்பதைப் பார்த்திருப்பீர்கள். சட்டையில் சாம்பார் கொட்டி, அம்மா அதற்குச் சோப்பு போட்டதும் கறை சிவந்து போய் இரண்டாவது தடவை திட்டு வாங்கியிருப்பீர்கள். எலுமிச்சம்பழம் பிழிந்தால் திரும்ப மஞ்சளாகிவிடும். ஆனால் மார்க்கெட்டில் குவிந்திருக்கும் நீலமும் பச்சையும் மஞ்சளிலிருந்து வந்தவை இல்லை. அவை துணிச் சாயமோ, வேறு ரசாயனமோ கலந்த கோலப் பொடி. கண் இமைத் தோல் உடம்பிலேயே மெல்லியது, அரை மில்லிமீட்டர்கூடத் தேறாது. அங்கே அதைப் பூசக் கூடாது.

முகத்தில் பூசக் கூடாததைப் பூசிய கதை நம் மொழியிலேயே ஒளிந்திருக்கிறது. மேக்கப் போடுவதை 'அரிதாரம் பூசுவது' என்கிறோம். அரிதாரம் என்பது ஒரு கல்லின் பெயர். பளபளக்கும் மஞ்சள் கல். ரசாயனப் பெயர் ஆர்சனிக் சல்ஃபைடு. ஆம், பாஷாணக் குடும்பம்! அந்த மஞ்சளைப் பொடித்துக் குழைத்து முகத்தில் அப்பிக்கொண்டுதான் கூத்தாடிகள் ராஜாவானார்கள், ராட்சசனானார்கள். கதகளியில் மனயோலை என்று சொல்லும் மஞ்சளும் இந்த ஆர்சனிக் கல்தான். அதோடு நீலம் சேர்த்துத் தேங்காய் எண்ணெய் விட்டு அரைத்தால் அந்தப் புகழ்பெற்ற பச்சை முகம். சிவப்புக்குச் சாயில்யம், அது பாதரசச் சல்ஃபைடு. மேற்கேயும் லட்சணம் இதுதான். ஐரோப்பிய சீமாட்டிகள் ஈய வெள்ளையை முகத்தில் பூசிக்கொண்டு, தோல் கெட்டுப்போனதை மறைக்க இன்னும் கொஞ்சம் ஈய வெள்ளை பூசினார்கள். நம் வீட்டுக் கண்மை எவ்வளவோ தேவலை: விளக்குச் சுடரில் பிடித்த கரி, கொஞ்சம் விளக்கெண்ணெய். ஆனால் கடையில் சுர்மா என்று விற்கும் சிலவற்றில் ஈயக் கல் இருக்கிறது என்று பல நாடுகளில் சோதனையில் கண்டிருக்கிறார்கள்.

இதையெல்லாம் கேட்டு அவள் பயந்துவிடுவாள் என்று நினைத்தேன். "ஹௌதா? அப்படியா?" என்றாள் ஆர்வமாக. "மகிஷாசுரன் பாஷாணம் பூசிக்கிட்டா நல்லாத்தானே இருக்கும்." பன்னிரண்டு வயதில் எதற்கும் பயம் கிடையாது.

ஃபேன்ஸி ஸ்டோரில் ஒரு விஷயத்தில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன். மணிக்கட்டில் பூசிப் பார்க்கச் சொன்னார்கள். வேண்டாம், தாடை ஓரத்தில் பூசு என்றேன். மணிக்கட்டின் உட்புறம் வெயிலே படாத இடம், முகத்தைவிட வெளுத்திருக்கும். பூசிய பின் அவளைத் தெருவுக்கு இழுத்து வந்தேன்.

பட்டுப்புடவைக் கடையில் அம்மாக்கள் புடவையை வாசலுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவதைப் பார்த்திருப்பீர்களே, அதே காரணம். பொருளுக்கு என்று தனியாக நிறம் கிடையாது. அதன் மேல் விழும் ஒளியில் என்னென்ன நிறம் இருக்கிறதோ அதில்தான் ஒரு பங்கைத் திருப்பி அனுப்ப முடியும். வெயிலில் எல்லா நிறமும் ஏறக்குறையச் சமமாக இருக்கின்றன. டியூப்லைட்டில் சில நிறம் தூக்கல், சில நிறம் மட்டு. பழைய குண்டு பல்பில் மஞ்சளும் சிவப்பும் அள்ளிக் கொட்டும், நீலம் சொற்பம். மைசூரு அரண்மனையில் தசராவுக்கு ஏறக்குறைய ஒரு லட்சம் பல்புகள் எரியும். அந்த வெளிச்சத்தில் இவளுடைய முதல் டியூப்பைப் பூசிக்கொண்டு போனால்கூட ஒருவரும் கண்டுபிடித்திருக்க மாட்டார்கள். சாம்பலாகக் காட்ட அங்கே நீலம் போதாதே! சென்னை ஜெமினி ஸ்டூடியோவில் வேலை பார்த்த அசோகமித்திரன், அங்கே லாரி லாரியாக வந்து இறங்கிய பான்கேக் பூச்சைப் பற்றியும், மேக்கப் அறையில் சுற்றிலும் எரிந்த சூடான விளக்குகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். உங்கள் அண்ணனோ அக்காவோ சி.பி.எஸ்.இ. பன்னிரண்டாம் வகுப்பு என்றால் அவர்களுடைய ஆங்கிலப் பாடத்தில் இருக்கிறது, வாங்கிப் படியுங்கள்.

வெயிலில் பார்த்தபோது மூன்றாவது டியூப் அவள் தாடையில் காணாமலே போயிற்று. அதுதான் சரியான நிறம். பூசிய இடம் தெரியக் கூடாது. காதுக்குப் பின்னால் ஒரு பொட்டு வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தோம், அரிப்போ தடிப்போ வருகிறதா என்று பார்க்க. ஒரு நாள் முழுக்கக் காத்திருப்பதுதான் முறை. நாடகம் மறுநாள் என்பதால் அதற்கு அவகாசம் இருந்தது.

இனி அந்த ஐ ஷேடோ பெட்டி.

பன்னிரண்டு சதுரத்தில் ஏழு மங்கல் நிறம். அவற்றில் சொல்ல ஒன்றுமில்லை, பழைய துருவும் சில சாயங்களும் பவுடரில் கலந்து அழுத்தியவை. மற்ற ஐந்தும்தான் வித்தை. ஒன்று ஊதா, முகத்தைக் கொஞ்சம் திருப்பினால் பச்சை அடிக்கும். அவளுக்கு அதுதான் வேண்டும்.

ஆற்று மணலில் மினுக் மினுக்கென்று தகடு தகடாகக் கிடக்குமே, சின்ன வயதில் தங்கம் என்று பொறுக்கி டப்பாவில் வைத்திருப்போமே, காக்காப்பொன். அதன் புத்தகப் பெயர் மைக்கா. ஏடு ஏடாக உரியும் கல். நகத்தால் உரித்துக்கொண்டே போகலாம், கண்ணுக்குத் தெரியாத மெல்லிசுக்கு வந்துவிடும். அந்த ஏட்டைப் பொடித்து, ஒவ்வொரு துணுக்கின் மேலும் நம்முடைய பழைய டைட்டானியம் டை ஆக்சைடைப் போர்வை மாதிரிப் போர்த்துகிறார்கள். அந்தப் போர்வையின் தடிமன்தான் நிறத்தைத் தீர்மானிக்கிறது. ஐம்பது நானோமீட்டர் அளவில் இருந்தால் வெள்ளி. தடிமன் கூடக் கூடப் பொன், சிவப்பு, நீலம், பச்சை என்று மாறிக்கொண்டே போகும். நம் தலைமுடி ஒன்றின் தடிமனே எழுபதாயிரம் நானோமீட்டருக்கு மேல் இருக்கும் என்றால் போர்வை எவ்வளவு மெல்லிசு என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

இதில் சாயம் ஒரு சொட்டு கிடையாது. சோப்புக் குமிழியில் வானவில் ஓடுகிறதே, அதே விளையாட்டு. போர்வையின் மேல்பக்கத்தில் கொஞ்சம் ஒளி தெறிக்கிறது, அடிப்பக்கத்தில் கொஞ்சம் தெறிக்கிறது. இரண்டும் ஒன்றாக வெளியே வரும்போது, கால் ஒத்துப்போகும் நிறம் பலக்கிறது. ஒத்துப்போகாத நிறம் ஒன்றையொன்று அடித்துக்கொண்டு மறைகிறது. சாய்த்துப் பார்த்தால் ஒளி போகும் பாதையின் நீளம் மாறுகிறது, நிறமும் மாறுகிறது.

இயற்கையில் இந்த வித்தை சிப்பிக்குத் தெரியும், மயிலிறகுக்கும் தெரியும். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் 1933இல் பெங்களூருக்கு வந்த பிறகு, கிளிஞ்சல்களையும் பறவை இறகுகளையும் வைத்துக்கொண்டு அவற்றின் மினுக்கம் எப்படி வருகிறது என்று ஆராய்ந்து கட்டுரைகள் எழுதினார். அப்போது அவர் நோபல் பரிசு வாங்கி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் சிப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததை நினைத்தால் எனக்கு அவர் மேல் இன்னும் பிரியம் கூடுகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் மைக்காவுக்குப் பேர்போன இடம் ஜார்க்கண்டில் கோடர்மா. அங்கே கைவிடப்பட்ட சுரங்கங்களின் ஓரத்தில் உங்கள் வயதுப் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போகாமல் கூடையோடு மைக்கா பொறுக்குவதைச் செய்தியாளர்கள் பலமுறை எழுதியிருக்கிறார்கள். இதனால் சில நிறுவனங்கள் ஆலையிலேயே மைக்கா தயாரித்துக்கொள்கின்றன. பெட்டியின் பின்னால் பொடி எழுத்தில் அச்சிட்டிருக்கும், படித்துப் பார்க்கலாம். எங்கள் பெட்டியில் வெறுமனே மைக்கா என்றுதான் இருந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்தாள், ஒன்றும் சொல்லவில்லை.

பிறகு ஒரு சோதனை செய்தோம். ஊதா–பச்சை மினுக்கை ஒரு வெள்ளைத் தாளில் ஒரு தீற்று, கறுப்பு அட்டையில் ஒரு தீற்று. வெள்ளைத் தாளில் ஏதோ அழுக்கு மாதிரி இருந்தது. கறுப்பு அட்டையில் மயில் கழுத்து!

காரணம் எளிது. மைக்காத் துணுக்கு ஒரு நிறத்தைத் திருப்பி அனுப்பி, மிச்சத்தை உள்ளே விட்டுவிடுகிறது. அடியில் வெள்ளை இருந்தால் அந்த மிச்சமும் திரும்பி வந்து கலந்து, எல்லாவற்றையும் கழுவிவிடும். அடியில் கருமை இருந்தால் மிச்சத்தை அது விழுங்கிக்கொள்ளும். திருப்பி அனுப்பிய நிறம் மட்டும் சுத்தமாக நம் கண்ணுக்கு வரும்.

அவள் அட்டையைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். கையில் ஒரு தீற்று போட்டாள். அப்புறம் என் கையை இழுத்து, அதிலும் ஒரு தீற்று போட்டாள். நான் அவளைவிட இரண்டு மாற்று வெளுப்பு. "சித்தி, உங்களுக்கு வரல" என்றாள், மிகுந்த அனுதாபத்தோடு.

மறுநாள் மகிஷாசுரன் மேடையேறினான். தாமிர நிறத்து முகம், கண்ணைச் சுற்றி ஊதா, தலையைத் திருப்பினால் பச்சை. சிரிக்கிற சீனில் கைதட்டல். சாகிற சீனை அவன் வெகுநேரம் இழுத்ததில் சாமுண்டிக்குக் கோபம் வந்து, சூலத்தால் நிஜமாகவே ஒரு குத்து விட்டுவிட்டாள். ஐந்து வயது முனிவர், நடுவில் இறங்கி அம்மாவிடம் போய்விட்டார். நாடகம் முடிந்ததும் கூட நடித்த பெண்கள் ஐ ஷேடோ பெட்டியைக் கேட்டு மொய்த்தார்கள். கொடுக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவைத்திருந்தேன். கண்ணுக்குப் பூசுவதையும் அதன் தூரிகையையும் யாரோடும் பங்கு போடக் கூடாது. ஒருவர் கண்ணில் இருக்கும் கிருமி அடுத்தவர் கண்ணுக்குப் போக அதைவிடக் குறுக்கு வழி இல்லை. மெட்ராஸ் ஐ என்றதும் எல்லாரும் கையை எடுத்துவிட்டார்கள்.

கலைக்கும் வேலை ராத்திரி. மேக்கப்பைக் கலைக்க மேக்கப் போட்டதைவிட அதிக நேரம் ஆகும் என்பது நடனம் ஆடுகிறவர்களுக்குத் தெரியும். பூச்சு எண்ணெயில் கிடப்பதால் தண்ணீர் அதைத் தொடாது. எண்ணெயை எண்ணெய்தான் கரைக்கும். கண்ணை மூடச் சொல்லி, பஞ்சைத் தேங்காய் எண்ணெயில் நனைத்துத் துடைத்தேன், பிறகு சோப்பு. அக்கா வீட்டில் எப்போதும் மைசூர் சாண்டல்தான். முதல் உலகப் போரில் சந்தனக் கட்டையைக் கப்பலேற்ற முடியாமல் போக, மைசூர் சமஸ்தானம் தானே எண்ணெய் வடிக்கத் தொடங்கிச் சோப்பு வரை வந்த கதை அது. சோப்பின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறு முனை தண்ணீரைப் பிடிக்கும். எண்ணெயைக் கையைப் பிடித்து வாசல் வரை கொண்டுபோய் விட்டுவரும்.

"எல்லாமே இப்படித்தான் போயிடுமா?" என்று கேட்டாள்.

போகாததும் ஒன்று உண்டு, அதுவும் இந்த ஊர்ச் சரக்கு. 1937இல் நால்வடி கிருஷ்ணராஜ உடையார் காலத்தில் அரக்கும் பெயின்ட்டும் செய்யத் தொடங்கிய ஆலை, இன்று மைசூர் பெயின்ட்ஸ் அண்டு வார்னிஷ். 1962 பொதுத் தேர்தலிலிருந்து நாடு முழுக்க ஓட்டுப் போட்டவர் விரலில் வைக்கும் மை அங்கேதான் தயாராகிறது. அதில் வெள்ளி நைட்ரேட் இருக்கிறது. முகப்பூச்சு தோலின் மேல் சும்மா உட்கார்ந்திருக்கும். இந்த மை அப்படியில்லை. தோலில் இருக்கும் உப்போடு சேர்ந்து தண்ணீரில் கரையாத வெள்ளி உப்பாக மாறி, வெளிச்சம் பட்டதும் கறுத்து, தோலின் மேலடுக்குச் செல்களிலேயே தங்கிவிடுகிறது. எண்ணெயும் சோப்பும் அதனிடம் பலிக்காது. அந்த மேலடுக்கோ ஏற்கெனவே செத்துப்போன செல்களால் ஆனது. சில வாரங்களில் தானாக உதிர்ந்து புதியது வரும். அப்போதுதான் மையும் போகும். நகத்தில் பட்டது, நகம் வளர்ந்து வெட்டும்வரை இருக்கும்.

"அப்போ நான் செத்துப்போனவ மாதிரி இருக்கேன்னு சொன்னது கரெக்ட்தான்" என்றாள். "மேல இருக்கிறது எல்லாம் செத்த தோல்தானே."

பஞ்சு உருண்டைகள் குப்பைக்கூடையில் கிடந்தன. காவி, பழுப்பு, ஊதா. மைக்கா மட்டும் லேசில் போகவில்லை. மெல்லிய தகடு அல்லவா, தோலின் ரேகைக்குள் படுத்துக்கொள்ளும். மூன்று நாள் கழித்து விஜயதசமி ஊர்வலம் பார்க்கக் கூட்டத்தில் நின்றோம். தங்க அம்பாரியோடு யானை எங்களைத் தாண்டியபோது அவள் தலையை உயர்த்தினாள். காது மடலுக்குக் கீழே ஒரு புள்ளி, ஊதாவாக மின்னி, பச்சையாகி, அணைந்தது.